தானாக நிரம்பிய மீன்தொட்டி

மீன்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் சமையலறை ஆர்.ஓ. ஃபில்டரிலிருந்து தானாக நிரம்பும்படி குழாய் இழுத்து, மிதவை வால்வும் மாட்டிவிட்டுத்தான் பத்து நாள் சென்னைக்குப் போனோம்.

போன இடத்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வால்வு சிக்கிக்கொண்டால் வீடே குளமாகிவிடும். மீனுக்கு இரை போடச் சாவி வாங்கி வைத்திருந்த கீழ் வீட்டு வங்காளி அண்ணன் போஸ் தாதாவுக்குத் தினமும் போன் செய்தேன்.

"சிந்தா கோரோ நா! ஜல் ஃபுல்!"

"பாத்தியா, கவலைப்படாதேங்கறார், தண்ணி ஃபுல்லாம்" என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வேன்.

இன்று காலை கொல்கத்தா சால்ட் லேக் வீட்டுக்கு வந்ததும் நேரே தொட்டியைத்தான் பார்த்தேன். விளிம்பு வரை தண்ணீர். அப்படியே சமையலறைக்குப் போனால், தொட்டிக்குப் போகும் குழாய் மூடிக் கிடக்கிறது!

"ஊருக்குக் கிளம்பறச்சே கேஸ், குழாய் எல்லாம் மூடுவேனே, அதையும்தான் மூடினேன்" என்றாள் மனைவி.

சாவி கொடுக்க வந்த தாதாவிடம் கேட்டேன். தண்ணீர் குறையக் குறைய, அவர்கள் வீட்டுக் குடிதண்ணீரைத் தினம் ஒரு மக் ஊற்றினாராம்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது தானாக நடக்கிறதா? யார் செய்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்லுங்கள்.