சாரலில் சிக்கிய மர ரயில்

குத்துக்கல்வலசையில் மரப்பட்டறை வைத்திருந்த தாணுவுக்கு நேர்கோடு என்றாலே ஆகாது. கதவு நிலை கேட்டால்கூட எங்கேயாவது ஒரு வளைவைச் செருகிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் கண்ணில், மரத்தாலேயே மலை கட்டி அதன்மேல் ரயில் விடுகிற வெளிநாட்டுப் படம் ஒன்று பட்டால் சும்மா இருப்பாரா? எண்பத்து மூன்றில் குற்றாலத்தில் சீசன் பொருட்காட்சி போடுகிறார்கள் என்றதும் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்.

படத்தில் இருந்த பழைய முறை அவருக்குப் போதவில்லை. வளைவுகளில் தண்டவாளத்தை உள்பக்கமாகச் சாய்த்தார். மேட்டில் பெட்டி எகிறாமல் இருக்கத் தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரங்களைப் பூட்டினார்.

“ஆளத் தூக்கி எறிஞ்சிராதா?” என்று தினமும் கேட்டாள் மனைவி சண்முகசுந்தரி. ராட்டினத்தைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவள். பொருட்காட்சித் தலைவர் ஞானசம்பந்தமோ கறாராகச் சொல்லிவிட்டார்: “முதல்ல ஒம் பொண்டாட்டிய உக்கார வச்சு ஓட்டுடே. பொறவு ஊர் ஏறட்டும். ஓடலைன்னா பிரிச்சு அடுக்கிரு.”

இலஞ்சிக் கோயில் குமரனுக்கு நேர்ந்துகொண்டு ஏறினாள் அவள். கயிற்றைப் பிடித்துப் பெட்டியை உச்சிக்கு இழுத்தார்கள். உச்சி தாண்டியதும் பெட்டி இறக்கத்தைப் பார்த்துச் சாய்ந்து, அப்படியே நின்றுவிட்டது!

பட்டறையின் காய்ந்த வெயிலில் இடைவெளி விடாமல் பூட்டிய சக்கரங்கள். சாரலில் மரம் ஊதிப்போய் அவற்றைக் கவ்விக்கொண்டது. தச்சு வேலை பார்க்கிறவருக்கு இது தெரியாதா? தெரியும். தலைகால் புரியாத சந்தோஷத்தில் மழை எங்கே ஞாபகம் வரும்!

கீழே ஒரே சிரிப்பு. “பிரிச்சிரு தாணு” என்றார் தலைவர். தாணு கண் கலங்க மேலே ஏறி, “கையக் குடுட்டி, இறங்கு” என்றார்.

சண்முகசுந்தரிக்கு வந்ததே கோபம். “ஊரே சிரிக்குது, இறங்கச் சொல்லுதீயளா? ஒலி பாய், அந்த எண்ணெயத் தூக்கிக்கிட்டு மேல வாங்க!”

அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஒலி முகம்மது, டின்னோடு ஏறி வந்தார். முதுகுக்குத் தேய்க்கிற அதே பக்குவத்தில் சக்கரங்களுக்குத் தேய்த்தார். பெட்டி மெல்ல முனகியது. தாணு பதறிப்போய் உள்ளே குதித்தார். ஒலி பாயும் டின்னோடு விழுந்தார். அவ்வளவுதான், பிடுங்கிக்கொண்டு ஓடியது!

ஐயையோ, அந்த இறக்கம்! வயிறு ஓரிடம், ஆள் ஓரிடம். மேட்டில் மூன்று பேரும் பலகையை விட்டு எழும்பினார்கள். பெட்டி மட்டும் எகிறவில்லை. அடிச்சக்கரம் பிடித்துக்கொண்டது! வளைவில் எண்ணெய் மழையாகச் சிதறித் தலைவரின் வெள்ளைச் சட்டையை நனைத்தது. பெட்டியை நிறுத்த வைத்திருந்த பிரேக் பலகையும் எண்ணெயில் வழுக்க, பெட்டி கடைசியில் தண்டவாள முடிவில் கொட்டியிருந்த மரத்தூள் குவியலில் போய்ப் புதைந்தது.

கூட்டம் ஓடிவந்து சூழ்ந்துகொண்டது. தலைமுடி கலைந்து, முகமெல்லாம் மரத்தூளாக எழுந்தாள் சண்முகசுந்தரி.

“சரிடே, நாளைலேருந்து ஊர் ஏறட்டும்” என்றார் தலைவர், சட்டையைப் பிழிந்தபடி.

“நாளைக்கு ஊர் ஏறட்டும் அண்ணாச்சி” என்று மறுபடி உட்கார்ந்தாள் அவள். “இப்பம் கயித்த இழுக்கச் சொல்லுங்க. இந்த வாட்டி நான் கண்ணத் தொறந்துக்கிட்டுப் போவணும்.”