வேலிக்கு இப்பால் கேட்ட கொலைக்கதை

எங்கள் கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஒரு கோழி நுழையுமளவு ஓட்டை. அதன் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தால், அடுத்த வளவுச் சுருட்டுக் கொட்டிலில் வாசிப்பவரின் குரல் சொல் பிசகாமல் கேட்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அச்சுவேலிப் பக்கத்துக் கொட்டில்களில் அப்படியொரு வழக்கம். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றுவார்கள். வாசிப்பவரின் பங்கையும் அவர்களே சுற்றிக் கொடுப்பார்கள். முதலில் பத்திரிகை, பிறகு சென்னையிலிருந்து வந்த துப்பறியும் நாவல். பெரியபிள்ளையானதும் என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஓலைப்பெட்டி இழைக்கிறேன் என்று பேர்பண்ணிக்கொண்டு நான் அங்கே கொலைகாரர்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கொட்டிலில்தான் என் அண்ணையும் சுருட்டுச் சுற்றினார். கடைசி அத்தியாயம் வந்ததும் வாசிப்பவர் புத்தகத்தை மூடிவிடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கொலைகாரன் யாரென்று ஒவ்வொருவரும் சொன்ன பின்புதான் திறப்பார். அண்ணைக்குக் கதையில் தலையும் பிடிபடாது, வாலும் பிடிபடாது. சாப்பிட வரும்போது என்னிடம் கேட்டுக்கொண்டு போவார். நான் சொன்ன பெயர் ஒருமுறையும் பிழைத்ததில்லை. கொட்டிலில் அவருக்குச் 'சீஐடி' என்று பட்டம் வைத்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, உள்ளுக்குள் பெருமைதான்.

அந்த நாட்களில் எனக்குப் படிப்பித்த ஆசிரியை வீட்டுக்கு வந்தார். விடுதிப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது, சம்பளம் கட்டத் தேவையில்லை என்று ஐயாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மூத்த மகனைக் கேளாமல் ஐயா வீட்டில் எதையும் தீர்மானிக்கமாட்டார். நான் அண்ணையின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

"நீ ஒண்டுக்கும் யோசியாதை. நான் ஐயாவிட்டைக் கதைக்கிறன்," என்றார். அதை நம்பி என் பாவாடை சட்டைகளைத் தோய்த்து மடித்தும் வைத்துவிட்டேன்.

ஒருநாள் காலை ஐயா கொட்டிலுக்குப் புகையிலை கொண்டுபோனார். வாசிப்பு இன்னும் தொடங்கவில்லை. அந்த நேரத்தில் நான் வேலியோரம் இருக்கமாட்டேன் என்று அண்ணை நினைத்திருக்க வேண்டும்.

"தங்கச்சியின்ரை பள்ளிக்கூட விசயம் என்ன மாதிரி? அனுப்புவமோ?" என்று ஐயா கேட்டார்.

"வேண்டாம் ஐயா. அவளுக்குப் படிப்பிலை விருப்பமில்லை. என்னட்டைச் சொன்னவள்."

"அப்ப ரீச்சருக்குச் சொல்லிவிடுறன்," என்று சொல்லிவிட்டு ஐயா போய்விட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஏன் அப்படிச் சொன்னார் என்று கண்டுபிடிக்க எனக்கு நேரம் எடுக்கவில்லை. நான் விடுதிக்குப் போனால் மத்தியானத்தில் அவருக்குப் பெயர் சொல்ல ஆளில்லை. நாலு பேர் கொடுக்கும் அந்தச் சீஐடிப் பட்டத்துக்காக என் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டார். அன்றைய நாவலில், பணக்காரக் கிழவரின் பாலில் நஞ்சு கலந்தவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஓடியோடி உதவிசெய்த மருமகன்தான் அவன் என்று எனக்கு எப்போதோ தெரியும். என் வீட்டுக்குள் நடந்ததுதான் தெரியாமல் போயிற்று.

மத்தியானம் அண்ணை கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். சோற்றைப் போட்டு மீன்குழம்பை விட்டேன்.

"ஐயாவிட்டைக் கதைச்சுப் பாத்திட்டன், தங்கச்சி. அவர் ஓமெண்டுறாரில்லை. நான் என்ன செய்ய?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "அதுசரி, ஆர் நஞ்சு வைச்சது?" என்று கேட்டார்.

"தெரியாது அண்ணை. எனக்குத்தான் படிப்பிலை விருப்பமில்லையே."

அவர் சோற்றை அப்படியே விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப் போனார். பின்னேரம் கொட்டிலில் அவர் சொன்ன பெயர் பிழைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். விடுதியில் எனக்கிருந்த இடத்துக்கு வேறொரு பிள்ளை போனாள். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை, நானும் ஐயாவிடம் எதையும் சொன்னதில்லை; அண்ணையின் சொல்லுக்கு மேலே என் சொல் அவரிடம் எடுபடாது.

அண்ணை போய்ச் சேர்ந்தும் கனகாலமாகிவிட்டது. செத்தவீட்டுக்கு வந்த பழைய கொட்டில்காரர்கள், வாசிப்பு முடியுமுன்பே கொலைகாரனைப் பிடித்துவிடுகிற அவருடைய மூளையைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒப்பாரி வைத்து அழுதேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவரை மன்னிக்கவும் இல்லை.