தின்ன சோத்துக்கு இழு

அந்தப் பாட்டை மைதானத்துக்குக் கொண்டுபோனவன் நான்தான். வேறு யார் தலையிலாவது பழியைக் கட்ட முடிந்திருந்தால் இத்தனை வருடத்தில் கட்டியிருப்பேன். எனக்கு அந்தத் திறமை உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். உகாதிக்கு முந்தின ஞாயிறு எங்களுக்கு விளையாட்டு விழா. ஓட்டம், கபடி எல்லாம் பெயருக்குத்தான். கடைசியில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டிக்குத்தான் குடும்பம் குட்டியோடு கூட்டம் சேரும். எங்கள் மெஷின் ஷாப்புக்கும் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிக்கும் ஜென்மப் பகை. அவர்களிடம் உடம்பு இருந்தது. எங்களிடம் தொண்டை மட்டும்தான்.

சின்ன வயதில், கொள்ளேகால் வீட்டில், அப்பா கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது ஒரு பாட்டை முணுமுணுப்பார். கயிறு இழுக்கத் தோதான தாளம். அவரைக் கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.

“தின்ன சோத்துக்கு இழுடா!” என்று நான் கத்துவேன்.

“ஏலோ!” என்று கூட்டம் திருப்பிக் கத்தும்.

“சாமி பாக்குறாரு இழுடா!”

“ஏலோ!”

முதல் வருடமே ஜெயித்தோம். கன்னடக்காரர்கள் எங்களைவிடச் சத்தமாகப் பாடினார்கள். அடுத்த வருடம் மேனேஜரே மேடையில் கைதட்டித் தாளம் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா போன பிறகு அப்பா என்னோடு மைசூருக்கு வந்துவிட்டார். மைதானம் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அங்கே விசில் ஊதினால் இங்கே சமையலறையில் கேட்கும். மூன்றாம் வருட விழாவுக்கு அவரைக் கையோடு அழைத்துப்போனேன். மகன் பாடுவதை அப்பா பார்க்கட்டும் என்ற பீற்றல்தான், வேறென்ன? புது வேட்டி, புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்து, பந்தலில் இரண்டாம் வரிசையில் நாற்காலியும் பிடித்துக் கொடுத்தேன்.

கயிறு விறைத்தது. முதல் அடியைப் பாடினேன். ஐந்நூறு பேர் ஏலோ போட்டார்கள். பெருமையாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தேன்.

அவர் எழுந்து நின்றிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போயிருந்தது. முதுகைக் கூனிக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நின்றார். பின்வரிசைக்காரர் “மறைக்குது, உக்காருங்க” என்று கத்தியது அவர் காதில் ஏறவே இல்லை.

என் வாய் நின்றுவிட்டது. பாட்டு நிற்கவில்லை. அன்றும் நாங்கள்தான் ஜெயித்தோம்.

வீட்டில் தட்டு முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

“அந்தப் பாட்டு உனக்கு ஆரு சொல்லிக் குடுத்தது கண்ணு?”

“நீங்கதானப்பா. கிணத்தடியில பாடுவீங்களே.”

“நானா? நானா பாடுனேன்?”

கை சோற்றிலேயே நின்றது. தான் பாடியது அவருக்கே தெரியாது.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஹனூர்ப் பக்கம் ஒரு கல் குவாரியில் ஜீதத்துக்கு, அதாவது கொத்தடிமையாக, இருந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. அன்று அவராகச் சொன்னார்.

“சாமின்னா கோயில் சாமியில்ல கண்ணு, மொதலாளி. கல்லு இழுக்கறப்ப பாட்டு நின்னா அடி உழுகும். உங்க பெரியப்பன் கால்மேல கல்லு ஏறுனப்பவும் நாங்க பாடிட்டுத்தான் இருந்தோம்.”

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அடுத்த விழாவுக்கு முன்னால் கான்டீனில் பேச்சை எடுத்தேன். இந்தப் பாட்டு வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அப்பாவின் மானத்தை டீ டம்ளர்களுக்கு நடுவே வைத்துவிட்ட மாதிரி கூச்சமாக இருந்தது.

“பிடு குரு, விட்டுத் தள்ளு, பாட்டுதானே. இப்ப யாரு கல்லு இழுக்கறாங்க?” என்றான் பக்கத்து லேத்துக்காரன்.

எங்கள் டீமின் முன்கயிற்றுக்காரர் அப்படி லேசாகத் தள்ளவில்லை. “எங்கப்பனும் கல்லு ஒடச்சவன்தான்யா. அன்னிக்கு அழுதுட்டுப் பாடினத இன்னிக்கு நாம சிரிச்சிட்டுப் பாடறோம். நல்லதுதானே?”

அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, அதுதான் எரிச்சல். ஐந்நூறு பேருடைய சந்தோஷத்தைவிட ஒரு மனிதரின் முதுகு பெரிதா என்று கேட்டால், எனக்குப் பெரிது. இன்றுவரை என் கையில் இருக்கும் நியாயம் அவ்வளவுதான். கான்டீனில் அதைக்கூடச் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த வருடம் நான் பாட மறுத்தேன். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவன் என்னைவிட நல்ல குரலில் பாடினான். கூட்டம் ஒலிபெருக்கியே வெட்கப்படும்படி ஏலோ போட்டது. நான் வாயை மூடிக்கொண்டு நடுவில் நின்றேன். ஜெயித்தோம்.

அப்பா வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். விழா முடிந்து நான் போனபோது அந்த வெயிலில் எல்லா ஜன்னல்களும் சாத்திக் கொக்கி போட்டிருந்தன. கரண்ட்டும் இல்லை. அப்பா வியர்வையில் நனைந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“ஜெயிச்சீங்களா?”

“ஜெயிச்சோம்ப்பா.”

“பாட்டு?”

“இந்த வருசம் பாடலப்பா. நிறுத்தியாச்சு.”

என் முகத்தைப் பார்த்தார்.

“நல்லதாப் போச்சு கண்ணு,” என்றார். “அப்ப அந்த ஜன்னலத் தொறந்து உடு. புழுங்குது.”