சித்தி ஜெயித்த வழக்கு

என் சித்தி எருமைக்கு வக்கீல் என்று நாங்கள் இருந்த டெக்சஸின் பிளானோ நகரில் பார்ப்பவரிடமெல்லாம் அப்பா சொல்லி வைத்திருந்தார். கோயிலில், பிறந்தநாள் விருந்தில், இந்தியன் கடையில் பில் போட நிற்கும்போதுகூட. கேட்டவர்கள் சிரித்து முடித்ததும், "ஃபீஸ் பாலாத் தருதா, சாணியாத் தருதான்னுதான் தெரியல" என்று சேர்ப்பார். அம்மாவின் முகம் சுருங்கும். தன் தங்கை கோயம்புத்தூரில் சட்டம் படித்து, அமெரிக்கா வந்து மறுபடியும் சட்டம் படித்து, கடைசியில் வடக்கே பனிமலை அடிவாரத்தில் காட்டெருமைகளுக்காக வழக்காடுவதை உறவுக்காரர்களிடம் எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. "என்விரான்மென்ட் லாயர்" என்பாள். உடனே பேச்சை மாற்றிவிடுவாள்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், மார்ச் மாத விடுமுறைக்குச் சித்தி ஊருக்குப் போனோம். டெக்சஸில் வெயில் தொடங்கிவிட்டிருந்தது. அங்கே ஜன்னல் விளிம்புவரை பனி கிடந்தது.

சித்தியின் வேலை என்ன என்று எனக்குப் புரியும்படி அவளே சொன்னாள். அந்த ஊருக்குப் பக்கத்தில் பெரிய அரசாங்கப் பூங்கா இருந்தது. அதற்குள் காட்டெருமையை யாரும் தொட முடியாது. ஆனால் குளிர்காலக் கடைசியில் உள்ளே பனி கல்லாக இறுகிவிடும், புல் கிடைக்காது. சினையான காட்டெருமைப் பசுக்கள் கீழே ஆற்றோரத்துக்கு இறங்கி வரும். பூங்காவின் எல்லையைத் தாண்டிய நிமிடத்திலிருந்து அவை வனவிலங்கு இல்லை, தொல்லை. பண்ணை மாடுகளுக்கு நோயைத் தொற்றவைத்துவிடும் என்று கால்நடைத் துறைக்காரர்கள் பிடித்துக் கறிக்கு அனுப்பிவிடுவார்கள்.

"மானுக்கும் அதே நோய் இருக்குது கண்ணு. மானை ஒருத்தரும் பிடிக்கறதில்லை" என்றாள்.

"ஏன்?"

"மான் புல்லுக்குப் போட்டி இல்லையாம். அழகா வேற இருக்குது."

நாங்கள் போன இரண்டாம் நாள் மதியம் தீர்ப்பு வந்தது. சித்தி சமையலறையில் நின்றபடி போனில் கேட்டாள். "ஓகே, ஓகே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவள், போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் காட்டு நிலத்தில் அந்தப் பருவம் முடியும்வரை காட்டெருமைகள் இருக்கலாம். அங்கே அவற்றைப் பிடிக்கவோ விரட்டவோ யாருக்கும் உரிமை இல்லை. சித்தி இரண்டு கரைகளையும் கேட்டிருந்தாள். நீதிபதி ஒன்றைக் கொடுத்தார்.

அம்மா கேசரி கிளறினாள். அப்பா அன்றைக்குக் கேலி செய்யவில்லை. "ஏம்மா, அப்ப நெஜமாவே இது பெரிய கேஸ்தானா?" என்று மூன்று தரம் கேட்டார். சித்தியோடு வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து கேசரியை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டு அழுதாள். பெரியவர்கள் சந்தோஷத்தில் அழுவதை நான் நேரில் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் காலை எங்களை மந்தையைக் காட்டக் கூட்டிப்போனாள். மேற்குக் கரையில், மரங்களுக்குக் கீழே, கரிய பாறைகள் போல நின்றன. ஒன்று தலையை இருபுறமும் ஆட்டிப் பனியை ஒதுக்கியது. முகம் முழுக்கப் பனி ஒட்டியிருக்க, கீழே கிடைத்த காய்ந்த புல்லை மென்றது. எருமை என்றால் குட்டையில் படுத்திருப்பது என்று நினைத்திருந்த நான், அதன் தோளைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் போய் நின்றேன். சித்தி ஒரு பசுவைக் காட்டினாள். "வயிறு எறங்கியிருக்குது பாரு. இன்னும் கொஞ்ச நாள்ல கன்னு போட்டுரும். இனி இங்கயே போடலாம்."

அந்தப் பசுதான் முதலில் ஆற்றில் இறங்கியது.

எதிர்க்கரையில் வெயில் பட்டுப் பனி உருகியிருந்தது. மஞ்சளாகப் புல் தெரிந்தது. அதற்கு மேலே, சாலையோரத்தில், குதிரையேறிய கால்நடைத் துறை ஆட்கள் காத்திருந்தார்கள். இரண்டு லாரிகளும் நின்றன. நான் அவற்றை முதலில் கவனிக்கவில்லை. சித்தி வந்ததுமே கவனித்திருப்பாள்.

"வேண்டா சாமி, போவாத" என்றாள் சித்தி. மெதுவாக, தமிழில், ஆற்றைப் பார்த்து. "அங்க போவாத."

அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஜாக்கெட்டைக் கழற்றி வீசிக்கொண்டு, "ஹோய், ஹோய்" என்று கத்தியபடி கரையை நோக்கி ஓடினார். அவருடைய ஊரில் கொல்லையில் மேயும் மாட்டை அப்படித்தான் திருப்புவார்கள் போலிருக்கிறது. சித்தி பின்னாலேயே ஓடி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, வேண்டாங்க. நீங்க வெரட்டக் கூடாது."

"திருப்பித்தான விடறேன்? அந்தப் பக்கம் போனா செத்துரும்மா."

"தெரியும். இந்தக் கரையில அதுங்களை யாரும் வெரட்டக் கூடாதுன்னு நேத்து ஆர்டர் வாங்குனதே நான்தான். நாமளே மீறினம்னா, அடுத்த வாரம் இந்தக் கரையும் போயிரும்."

அப்பா ஜாக்கெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். நாங்கள் நான்கு பேரும் நின்றோம். ஒன்றன்பின் ஒன்றாக அவை தண்ணீரில் இறங்கின. அவசரமே இல்லை. போன வருடத்துக் கன்று ஒன்று மட்டும் ஓரத்தில் தயங்கி நின்று, பன்றி உறுமுவதுபோல ஒரு சத்தம் கொடுத்தது. எதிர்க்கரை ஏறியவை உடம்பைச் சிலிர்த்து உதறிவிட்டுப் புல்லில் வாய் வைத்தன. அந்த ஆட்களும் அவசரப்படவில்லை. கடைசி மாடு கரையேறி, தண்ணீரைவிட்டுத் தள்ளிப் போகும்வரை விட்டுவிட்டுப் பிறகுதான் குதிரைகளைக் கீழே இறக்கினார்கள். கம்பிவேலிப் பட்டி ஏற்கெனவே தயாராக இருந்தது. வயிறு இறங்கிய பசு பட்டிக்குள் ஓடும்போது இரண்டு முறை சறுக்கி விழுந்தது.

கன்று இந்தக் கரையிலேயே நின்றது. சட்டப்படி அதை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

எல்லாம் முடிந்தபின் அந்த ஆட்களுக்குத் தலைவர் பாலத்தைச் சுற்றித் தன் வண்டியில் எங்களிடம் வந்தார். நரைத்த மீசை. தொப்பியைக் கழற்றி அம்மாவுக்கு வணக்கம் சொல்வதுபோலத் தலையசைத்தார். வழக்கில் ஜெயித்ததற்குச் சித்தியை வாழ்த்தினார். கேலியாகச் சொன்னது போலவும் இல்லை. சித்தி கையுறையைக் கழற்றிவிட்டு அவர் கையைக் குலுக்கினாள். நன்றி சொன்னாள். அவருடைய மகளுக்கு உடம்பு தேறிவிட்டதா என்று கேட்டாள். அவரும் நின்று நிதானமாகப் பதில் சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியில் ஏறினோம். எனக்குப் பொறுக்கவில்லை. "பட் நீங்க வின் பண்ணீங்கல்ல சித்தி?" என்று கேட்டேன்.

"பண்ணுனேன் கண்ணு" என்றாள் சாலையைப் பார்த்தபடி.

ஊருக்குள் நுழையும்போது அம்மா கேட்டாள். "அந்தாளுக்கு எதுக்குடி கை குடுத்த? வயித்துப்புள்ளக்காரிய வண்டில ஏத்துனவன்."

சித்தி சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினாள்.

"அடுத்த வருசமும் அவர்தான் இருப்பாருக்கா."

பின் இருக்கையில் இருந்த எனக்கு அதைக் கேட்டு மனசு கொஞ்சம் லேசானது. அடுத்த வருடமும் மந்தை இதே ஆற்றுக்கு வரும் என்று சித்தி சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அந்த மனிதரைப் பற்றி மட்டுமே சொன்னாள், மந்தையைப் பற்றி இல்லை.