தேர்தல் கடமைக்கு ஆள் பிடித்த காலம்

வாக்குப் பெட்டி செய்ய ஆள் கிடைக்கும். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க இருக்க ஆள் தேடுவதுதான் வேலை. அறுபதுகளில் திருகோணமலையில், மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியின் தேர்தல் பகுதியில் நான் கிளார்க். கிராமச் சபைத் தேர்தல் வந்தால் பள்ளிக்கூடங்களிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் இருந்து பெயர்கள் வரும். ஒருவரையும் சொந்த ஊரில் போடக்கூடாது. வேட்பாளருக்கு உறவாகவும் இருக்கக்கூடாது. இதெல்லாம் பார்த்து, ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்துக்கும் ஒரு தலைமை அலுவலர், அவருக்குக் கீழே நாலைந்து பேர் என்று நான் பட்டியல் எழுத, மாவட்ட நிர்வாகத் தலைவரான அரசாங்க அதிபர் ஒப்பமிடுவார். கடிதங்கள் தபாலில் போன மூன்றாம் நாள் என் மேசைக்கு முன்னால் வரிசை நிற்கும். இடத்தை மாற்றச் சொல்லி, இல்லாவிட்டால் பெயரை வெட்டச் சொல்லி வந்தவர்கள்.

மீன்பிடி இலாகாக்காரர்

நல்லதம்பி ஐயா மீன்பிடி இலாகாவில் இருபது வருசமாக வேலை. அவரைக் கட்டைபறிச்சானுக்குப் போட்டிருந்தேன். கொட்டியாரக் குடாவை லாஞ்சில் கடந்து மூதூரில் இறங்கிப் போகவேண்டும். மறுநாளே குடையும் கையுமாக வந்துவிட்டார். "தம்பி, லாஞ்சில ஏற எனக்கு ஏலாது. ஏறின உடனே குமட்டிச் சத்தி வரும்" என்றார்.

நான் அவருடைய இலாகாவின் பெயரை இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்க எழுந்து வெளியே போனார். நல்லதம்பி ஐயா கோபிக்கவில்லை. பஸ்ஸில் போகக்கூடிய இறக்கக்கண்டிக்கு மாற்றிக் கொடுத்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் மீனைப் பற்றி எழுதிறனான் தம்பி, மீன் இருக்கிற இடத்துக்குப் போறேல்லை."

இரண்டு மச்சான்மார்

கிண்ணியாப் பக்கம் ஒரு வட்டாரத்துக்குக் காசிம் மாஸ்டரைத் தலைமை அலுவலராகப் போட்டேன். அவர் ஒரு வேட்பாளரின் உறவு என்று ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அடுத்த நாள் இன்னொன்று, மற்ற வேட்பாளரின் உறவு என்று. மாஸ்டரைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார். "ரெண்டும் உண்மைதான். ரெண்டு பேரும் எனக்கு மச்சான்மார். ரெண்டு பேரோடயும் எனக்குக் கதை பேச்சில்லை. என்னை விட நடுநிலையான ஆள் உங்களுக்கு எங்க கிடைப்பான்?"

சட்டம் சட்டம்தான்; அவரை வேறிடத்துக்கு மாற்றினேன்.

என் குசினியில்

என் மனைவியின் தம்பியும் ஆசிரியர். சலுகை காட்டினேன் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாதே என்று, பட்டியலிலேயே தூரமான இடத்துக்கு அவனைப் போட்டேன். அன்று குசினி அடுப்பிலிருந்து தேத்தண்ணி மேசைக்கு வந்த வேகத்தில் பாதி தட்டில் சிந்திவிட்டது. மனைவி சொன்னது ஒரே வசனம்: "உங்கட நேர்மைக்கு என்ர தம்பிதானா கிடைச்சான்?"

கடிதம் வந்தது யாருக்கு?

மூதூருக்கு அப்பால் ஒரு முஸ்லிம் கிராமம். முந்திய தேர்தலில் அங்கே அலுவலர்கள் எல்லாரும் ஆண்கள். பெயர் கேட்பதும் விரலில் மை பூசுவதும் அந்நிய ஆண்கள் என்றதும் பல பெண்கள் வாக்குப் போடாமலே திரும்பிவிட்டார்கள். இந்த முறை பெண் ஒருவரைப் போடு என்று உத்தரவு. நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்த பரமேஸ்வரி டீச்சருக்குக் கடிதம் அனுப்பினேன். வந்தது அவருடைய கணவர், சீனன்குடாவில் ஸ்டோர்ஸ் கிளார்க். "பிள்ளைக்கு எட்டு மாதம். அவவின்ர பேரை வெட்டிவிடுங்கோ" என்றார். நியாயம்தானே என்று பெயரை வெட்டிவிட்டேன்.

அடுத்த நாள் டீச்சரே வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. "கடிதம் என்ர பேருக்குத்தானே வந்தது? வெட்டிற நேரம் மட்டும் ஏன் என்னைக் கேக்கேல்லை?" அவருக்கு முன்னாலேயே பெயரைத் திரும்ப எழுதினேன்.

தேர்தலன்று மேற்பார்வைக்குப் போன ஜீப்பில் நானும் போனேன். பள்ளிக்கூட வாசலில் பெண்களின் வரிசை வேலி வரை நீண்டிருந்தது. உள்ளே டீச்சர் பெயர்களைக் கேட்டுக்கேட்டு மை பூசிக்கொண்டிருந்தார். சிறு ஒழுங்கைப் பாதைக்கு அப்பால் ஒரு வீட்டு வாசலில் டீச்சரின் கணவர் வாங்குப் பலகையில் இருந்தார், தோளில் பால் கறையோடு. பிள்ளை அவரிடம் இல்லை. வாக்குப் போட்டு வந்த பெண்கள் கைமாற்றிக் கைமாற்றி வைத்திருந்தார்கள். இடையில் பத்து நிமிசம் டீச்சர் வந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவாராம். "அழேல்லை. என்னட்டைத்தான் வாறானில்லை" என்றார் மனிதர், கொஞ்சம் மனக்குறையோடு.

அப்போது பிள்ளையை வைத்திருந்த வயதான உம்மா, மை காயாத விரலை அவன் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி என்னிடம் சொன்னார்: "போன முறை கேட்டது ஆம்பிளை, பேரைச் சொல்லாமலே திரும்பி வந்திட்டன், இந்த முறை வாப்பாட பேரையும் சேர்த்துச் சொன்னனான்."

சட்டப்படி ஆட்களை நியமித்தது கச்சேரிதான் என்றாலும், டீச்சரையும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களையும் போலப் பலர் தங்களைத் தாங்களே நியமித்துக்கொண்டவர்கள் என்பதை நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.