மச்சானின் நிய்யத்தும் வயல் கோப்பும்

எனக்கு நாள் குறித்து வைக்கும் பழக்கம். மழை பெய்த நாள், கரண்ட் போன நேரம், யார் எங்கே என்ன சொன்னார் என்பது வரை கொப்பியில் இருக்கும். ஆகவே தங்கச்சியின் மாப்பிள்ளை, அதாவது என் மச்சான், தன் வாப்பா மௌத்தான பிறகு சம்மாந்துறை வயலின் அனுமதிப்பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்றுவதற்காகக் கந்தோருக்கு அலைந்த ஒவ்வொரு நாளும் என்னிடம் உண்டு. பதினேழு தடவை. பதினேழாவது தடவை, அறையில் வேறு யாரும் இல்லாதபோது, உத்தியோகத்தர் கையெழுத்துக்கு விலை சொன்னார்.

பத்திரம் இல்லாமல் மானிய உரம் கிடையாது. அதற்குள் இரண்டு போகம் போய்விட்டது. முறைப்பாடு செய்யச் சொன்னவன் நான்தான்.

கொழும்பிலிருந்து லஞ்ச விசாரணைக்காரர்கள் வந்தார்கள். இலக்கம் குறித்துவைத்த காசுத் தாள்களை மச்சானிடம் கொடுத்து, தங்களில் ஒருவரைச் சொந்தக்காரர் போலக் கூட அனுப்பினார்கள். "நீங்க ஒண்டும் கதைக்க வேணாம். அவர் வாயால கேக்கட்டும், பிறகு குடுங்க." மூன்று தரம் சொன்னார்கள். மச்சானும் மூன்று தரம் ஓம் என்றார்.

நோன்புக்கு ஒன்பது நாள் இருந்த திங்கட்கிழமை, காலை பத்தேமுக்கால். உத்தியோகத்தர் எதுவும் கேட்கவில்லை. மேசை லாச்சியை மட்டும் இழுத்துவிட்டார். மச்சான் பொறுக்காமல் தாள்களை அதற்குள் வைத்தார். வைத்துவிட்டுச் சொன்னார்: "ஸதக்காவா நினைச்சி எடுங்க சேர்."

உத்தியோகத்தரை அங்கேயே பிடித்தார்கள். வெளியே நின்ற நான், விஷயம் தெரிந்ததும் மச்சானை ஓரமாக இழுத்துப் போனேன்.

"ஏன் மச்சான் தருமக் காசு எண்டு சொன்ன?"

"லஞ்சம் குடுக்கிறதும் ஹராம்தானே. பொறியெண்டாலும் குடுக்கிறது என்ட கைதானே. அதான் நிய்யத்த மாத்திக்கிட்டன்."

"அந்த எண்ணத்த மனசுக்குள்ளயே வெச்சிருக்கலாமே! வாயால ஏன் சொன்ன?"

"மனசில இருந்தா அல்லாஹ்வுக்குத் தெரியும். கூட வந்தவருக்குத் தெரியாதே. என்னப் பத்தி என்ன நினைப்பார்?"

கூட வந்தவர்தான் அந்தப் பொறியை வைத்தவர் என்பதை இவருக்கு எப்படி விளக்குவது?

வழக்குக்காகக் கல்முனையிலிருந்து கொழும்புக்குப் பதினொரு தவணை போனோம். வயல் கோப்பு சான்றுப்பொருளாக நீதிமன்றத்தில் இருந்தது. வழக்கு முடியும்வரை அதில் யாரும் கையெழுத்துப் போட முடியாது.

என் கொப்பியைப் பெருமையோடு கொண்டுபோயிருந்தேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைத் திறக்கவே இல்லை. "விலை கேட்டதை நீங்கள் உங்கள் காதால் கேட்டீர்களா, மச்சான் சொல்லி எழுதினீர்களா?" என்றார். மச்சான் சொல்லித்தான் என்றேன். பதினேழு தேதியும் ஒரு பதிலில் முடிந்தன.

மச்சானிடம், பணத்தை வைத்தபோது என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். சத்தியம் செய்த மனிதர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஸதக்கா எண்டு சொன்னன்." கூட வந்த விசாரணைக்காரரும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. ஏழைகளுக்குக் கொடுப்பதற்காக ஏற்றுக்கொண்டேன் என்றார் உத்தியோகத்தர். விலை சொன்னதைக் கேட்டது மச்சானின் காது மட்டும். சந்தேகத்தின் பலன் எதிரியான உத்தியோகத்தருக்குப் போய், விடுதலை.

"நான் பொய் சொல்லல்ல மச்சான்" என்றார் படியிறங்கும்போது. அதுதானே பிரச்சினை!

கோப்பு கந்தோருக்குத் திரும்பி வந்தபோது அங்கே புதிய உத்தியோகத்தர், ஒரு பெண்மணி. பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாத்திலயும் கோர்ட் முத்திர அடிச்சிருக்கே. இதில நான் கையெழுத்து வைக்க ஏலா. புதுசா விண்ணப்பம் போடுங்க. நான் கெதியாச் செஞ்சி தாறன்."

வெளியே வந்ததும் மச்சானின் முகம் மலர்ந்திருந்தது. "நல்ல மனிசி. நோன்பும் வருது. ஒரு பெட்டி ஈத்தம்பழம் குடுப்பமா?"

"அடுத்த தரம் வரக்குள்ள ரெண்டு கையயும் பொக்கட்டுக்குள்ள வெச்சிட்டு வா" என்றேன். கொப்பியை எடுத்து, புதன்கிழமை, பதினொன்று இருபது, முதலாவது தடவை என்று எழுதினேன்.