பட்டினி கிடந்த செல்

வீட்டில் எனக்கு ‘டாக்டர்’ என்று பெயர். நான் டாக்டர் இல்லை. மச்சான் வரும்போதெல்லாம் கழுத்தைக் காட்டி, “நரம்புலதானே வேலை பாக்கறீங்க, இந்த வலி என்னன்னு தெரியாதா?” என்பார். எனக்குத் தெரிந்தது கண்ணுக்கே தெரியாத ஒற்றை நரம்பு செல். அவருடைய கழுத்து எனக்கு ரொம்பப் பெரிசு.

இருட்டறையில் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து, முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியின் நுனியைச் செல்லின் மேல் ஒட்டுவது என் பிழைப்பு. ஒட்டினால் செல்லின் மின்னோட்டம் திரையில் கோடாக ஓடும். பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டாததற்கு வராந்தாவில் நடந்து போனவர்களையெல்லாம் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

நரம்பு செல்லின் தோலில் கால்சியம் நுழைய வாசல்கள் உண்டு. அவை திறந்தால்தான் அடுத்த செல்லுக்குச் சேதி போகும். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதைச் செல்லுக்குள் கைமாறி வரும் சமிக்ஞைகள் தீர்மானிக்கும். ஆய்வகத் தலைவியான மேடம் ஒரு ரசாயனத்தைக் கொடுத்து, அது வாசலை மூடச் சொல்கிறதா என்று பார்க்கச் சொன்னார். விட்டேன். கோடு சரிந்தது, வாசல் மூடுகிறது என்று அர்த்தம். அடுத்த செல்லிலும் சரிந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒப்பந்தம் முடியப்போகிற நேரத்தில் என் வேலையைக் காப்பாற்ற வந்த கோடு அது. மேடம் அதைக் கருத்தரங்கில் காட்டப்போகிறார். நான் கண்ணாடி முன் நின்று அடக்கமாகச் சிரித்துப் பழகினேன்.

ரசாயனம் விடாமல் ஒரு செல்லைச் சும்மா வைத்துப் பார்த்திருக்க வேண்டும். முதல் வருட மாணவர்களுக்கே தெரியும். நல்ல செல்லை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை.

மேடம் கருத்தரங்குக்குக் கிளம்ப ஒரு நாள் இருக்கும்போது, அழகாக ஒட்டிய செல்லுக்கு ரசாயனம் விடப்போன நேரம் போன் அடித்தது. வெளியே ஓடினேன்.

“சாப்பிட்டீங்களா?” என்றாள் மனைவி.

“வேலையா இருக்கேன்மா.”

“அதையா கேட்டேன்?”

பேச்சு மச்சானின் கழுத்து வரை போனது. திரும்பி வந்தால் கோடு படுத்துவிட்டிருந்தது. ரசாயனம் குப்பியிலேயே இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. ஊசி ஒட்டியதும் செல்லின் சாறு ஊசிக்குள் கரைந்துபோகும். ஈடுகட்ட, ஊசித் திரவத்தில் ஏடிபி என்ற எரிபொருளைச் சேர்ப்போம். அது இருந்தால்தான் செல்லின் நொதிகள் வாசல்களில் பாஸ்பேட்டை ஒட்டி, அவற்றைத் திறக்கும் நிலையில் வைத்திருக்கும். ஃப்ரீசரிலிருந்து தினமும் புது ஏடிபி குப்பி எடுக்க வேண்டும். நானோ ஒரே குப்பியை உருக்கி, மிச்சத்தை மறுபடி உறையவைத்து, மாதக்கணக்கில் ஓட்டினேன். சிக்கனமாம்! எரிபொருள் எப்போதோ கெட்டுவிட்டது. வாசல்கள் பசியில் மூடின. பெயர் ரசாயனத்துக்குப் போனது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணத்தோடு மேடம் அறை வாசலில் நிறைய நேரம் நின்றேன். பயமாகத்தான் இருந்தது.

“மேடம், கோட்டைச் சாய்ச்சது அந்த ரசாயனம் இல்ல. நான்தான்.”

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தார். “புதுக் குப்பி எடுங்க. நானும் வரேன்.”

இந்த முறை கோடு சரியவில்லை. ரசாயனம் விட்டோம். அப்போதும் அசையவில்லை. மேடம் போய் ஃப்ரீசரைப் பூட்டினார்.

“ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்றேன். ஆனா ஃப்ரீசர் சாவி இனிமே என்கிட்ட.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டினேன்.

“நான் போன் பண்ணலன்னா?”

“பெரிய ஆளாயிருப்பேன்.”

“பாவம், அந்த செல்லு பசியில கிடந்திருக்கு. பக்கத்துலயே உக்காந்து வேடிக்கை பாத்திருக்கீங்க.” அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். “சரி, கடைசி வரைக்கும் பதிலே சொல்லலையே. சாப்பிட்டீங்களா?”

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.